அழச் சொன்னாங்க

போன மாசம் ஒரு வெள்ளிக்கெழம பின்னேரம், இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல நான் வேல செய்ற கொமினிகேஷன் கடைக்கு ஒரு தங்கச்சி வந்துச்சு. பதினெட்டு பத்தொம்பது வயசு இருக்கும். ஏ/எல் பரீச்ச எழுதிட்டு அடுத்து என்னன்னு தெரியாம நிக்கிற மொகம், ஆறு வருசமா போட்டோகொப்பி மெசினுக்கு பின்னால நின்னு நின்னு அந்த மொகத்த எனக்கு வாசல்லயே தெரிஞ்சிரும். போன நீட்டி வாட்ஸ்அப்ல வந்த ஒரு போஸ்டர காட்டுச்சு. புதிய வெப் சீரிஸ், புதுமுகங்கள் தேவை, அனுபவம் அவசியமில்லை, பதிவுக் கட்டணம் 3500 ரூவா, ஒடனே கட்டுறவங்களுக்கு முன்னுரிமை. "அக்கா இத கலர்ல ஒரு பிரிண்ட் எடுக்கணும், அப்பறம் இந்த அக்கவுண்டுக்கு காசு போடணும், எப்பிடின்னு சொல்லித்தாங்க" ன்னு சொல்லிட்டு, கையில இருந்த நோட்டுகள எண்ணிக்கிட்டே கொரல எறக்கி, "இது உண்மையா இருக்குமா அக்கா?" ன்னு கேட்டுச்சு.

எனக்கு பதில் தெரியும். மொதல்ல காசு கேக்குறவன் படம் எடுக்க மாட்டான், அவனுக்கு அந்தக் காசுதான் படம். இது எனக்கு எப்பிடி தெரியும்னா 2019ல நானே, நடிக்கணும்னா போர்ட்போலியோ வேணும்னு சொன்ன ஒருத்தருக்கு 6000 ரூவா கட்டியிருக்கேன். நுவரெலியாவுக்கு வரச்சொல்லி பூ மரத்துக்கு பக்கத்துல நிக்கவச்சு எடுத்த பன்னெண்டு போட்டோவும் இன்னும் என் போன்ல இருக்கு, எல்லாத்துலயும் கன்னத்துல கைய வச்சுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கேன், பல்லு வலி வந்தவ மாதிரி. அதனால அந்தத் தங்கச்சிக்கிட்ட வேணாம்மா காச வீணாக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா சொன்னா அடுத்த கேள்வி என்னன்னு எனக்கு தெரியும், "அப்ப எங்க அக்கா போறது?" அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. "கலர் இங்க் முடிஞ்சிருச்சு, திங்கக்கெழம வா" ன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். இங்க் நெறைய இருந்துச்சு. அந்த சனி ஞாயிறு ரெண்டு நாளும் இதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுத ஒக்காந்துட்டேன்.

எல்லாரும் ஒரு வசனம் வச்சிருக்காங்க, திறமை இருந்தா வாய்ப்பு தானா தேடி வரும்னு. கல்யாண வீட்டுல சொல்றாங்க, டீவி பேட்டியில சொல்றாங்க, ஸ்கூல் பரிசளிப்பு விழாவுல கட்டாயம் யாராச்சும் ஒருத்தர் சொல்லுவாரு. தேடி எங்க வரும்? எங்க லயத்துக்கு, தோட்டத்து வரிச வீட்டுக்கு, தனி அட்ரஸே கெடையாது. எல்லா கடுதாசியும் தோட்டத்து ஒப்பீஸுக்குத்தான் வரும், அங்க இருந்து யாராச்சும் ஞாபகம் வச்சு குடுத்துவிட்டாத்தான் நம்ம கைக்கு. பேங்க் கடுதாசி, அடகுக்கட நோட்டீஸ், இண்டர்வியூ கடுதாசி எல்லாம் அங்கதான் ஒன்னுமேல ஒன்னா கெடக்கும். வாய்ப்புன்னு ஒன்னு உண்மையிலயே என்ன தேடி வந்திருந்தாலும் அதுவும் இந்நேரம் அந்த மேசையிலதான் தூசி புடிச்சு கெடக்கும்.

நான் நடிப்புக்குள்ள வந்தது தமிழ்மொழித் தினப் போட்டியில. நம்ம பக்கத்துல முக்காவாசி பேரு அப்பிடித்தான் வந்திருப்போம், கோட்டம், வலயம், மாகாணம்னு ஒவ்வொரு படியா ஏறி, எங்கயோ ஒரு படியில "நல்ல முயற்சி" ன்னு ஒரு சர்டிபிகேட்டோட எறங்கிடுவோம். பெறகு ஏ/எல்ல நாடகமும் அரங்கியலும் எடுத்தேன். அம்மாவுக்கு அது என்ன பாடம்னு கடைசி வரைக்கும் வெளங்கல. "கூத்துக்கு எதுக்குடி பரீச்ச, மாமன் எந்த பரீச்ச எழுதுச்சு?" ன்னு கேட்டுச்சு. அப்ப அது எனக்கு கோவமா இருந்துச்சு.

குடிகாரன் பொண்டாட்டி

ஏ/எல் முடிச்சு கடையில வேலைக்கு சேந்த பெறகு ஞாயித்துக்கெழமகள்ல என்ஜிஓ நாடகம் போக ஆரம்பிச்சேன். மலையகத்துல நடிக்கிறதுக்கு யாராச்சும் காசு தாறாங்கன்னா அது இதுதான், விழிப்புணர்வு நாடகம். டெங்கு, போசாக்கு, சிறுவர் துஷ்பிரயோகம், ஆனா அதிகமா சாராயம். ஒரு வேன்ல ஆறேழு பேரு ஏறி, ஒரு நாளைக்கு ரெண்டு தோட்டம். கோயில் முன்னுக்கு, இல்லன்னா கொழுந்து நிறுக்குற மடுவத்துல, தப்பு மேளத்த அடிச்சு ஆளு சேத்து இருவது நிமிசம் நாடகம், பெறகு ஒரு என்ஜிஓ சேர் கேள்வி கேக்க, சனம் பதில் சொல்லும், முடிய ஒரு பனிஸும் பிளேன்டீயும். நாலு வருசத்துல நான் அம்பது தடவைக்கு மேல குடிகாரன் பொண்டாட்டியா நடிச்சிருப்பேன். அம்பது தடவையும் அடி வாங்கி அம்பது தடவையும் அழுதிருக்கேன்.

இத சில பேரு நக்கலா பேசுவாங்க, அதெல்லாம் ஒரு நடிப்பான்னு. நான் அப்பிடி சொல்ல மாட்டேன். மைக் இல்லாம வெட்டவெளியில, காத்து அடிக்கிற எடத்துல, கடைசியில நிக்கிற ஆச்சிக்கு கேக்குற மாதிரி பேச அங்கதான் படிச்சேன். 2022ல சாமான் வெல ஏறி பட்டினி கெடந்த காலத்துல, நாடகம் முடிஞ்ச ஒடனே ஒரு அம்மா வந்து "பொதி எப்ப குடுப்பீங்க?" ன்னு கேட்டாங்க, நாங்க நிவாரணம் கொண்டு வந்திருக்கோம்னு நெனச்சு அவ்வளவு நேரம் மழையில ஒக்காந்திருக்காங்க. அதையும் அங்கதான் படிச்சேன். ஆனா ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கிச்சு. அழுன்னா அழுதிருவேன். பட்டன அமுக்குனா தண்ணி வர்ற மாதிரி, மூணு எண்ணுறதுக்குள்ள கண்ணு ரொம்பிரும். அதத்தான் நான் நடிப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

2023, எங்க சனம் இந்தியாவுல இருந்து தோட்டத்துக்கு வந்து 200 வருசம், மலையகம் 200 ன்னு நாடே பேசுன வருசம். தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனாங்களே அந்த வருசந்தான். அதுவரைக்கும் எங்கள கண்டுக்காதவங்களுக்கெல்லாம் திடீர்னு தோட்டத்துக் கத வேணும்னு ஆச்சு. கொழும்புல ஒரு குழு தோட்டத்த பத்தி டெலிபிலிம் எடுக்குறாங்க, நடிக்க ஆளு பாக்குறாங்கன்னு க்ரூப்ல வந்துச்சு. காசு கேக்கல. அதனால நம்பி போனேன்.

கொழும்புக்கு ஒரு ஒடிஷனுக்கு போறதுன்னா என்னான்னு கொழும்புல இருக்குறவங்களுக்கு சத்தியமா வெளங்காது. காலையில எட்டரைக்கு அங்க நிக்கணும்னா ராத்திரி ரெண்டு மணி போல ஹட்டன்ல பஸ் ஏறணும். எங்க தோட்டத்துக்கு கடைசி பஸ் சாயங்காலமே முடிஞ்சிரும், அப்ப முந்துன நாளே டவுனுக்கு வந்து கூட்டாளி வீட்டுல படுக்கணும். பொம்பளப்புள்ள தனியா போக ஏலாதுன்னு தம்பியையும் கூட்டிக்கிட்டு போகணும். கடையில லீவு, தம்பி சாப்பாடு, போக வர பஸ் காசு. அப்ப அம்மாவுக்கு நாள் சம்பளம் 1000 ரூவா, அதுவும் கிலோ கொறஞ்சா அரப்பேருதான் போடுவாங்க. கணக்கு பாத்துட்டு அம்மா சொல்லுச்சு, "எனக்கு அஞ்சு பேரு போகுது. ஒனக்கு ஒரு பேரு கெடச்சா சரிதான்." தோட்டத்துல பேருன்னா அன்னைக்கு வேல செஞ்சதா செக்ரோல்ல விழுற பதிவு. அம்மா வேணும்னே ரெண்டு அர்த்தத்துல சொல்லுச்சா இல்ல சும்மா வந்துச்சான்னு இன்னும் கேக்கல.

பஸ் கினிகத்தேன தாண்டி எறங்குறப்ப நல்ல இருட்டு. கித்துல்கலயில ஒரு வளைவுல தம்பிய எழுப்பி, "இங்கதான்டா வெள்ளக்காரன் வந்து ஆத்துக்கு குறுக்க பாலம் கட்டி, ரயிலோட சேத்து வெடி வச்சு படம் எடுத்தான்" ன்னு சொன்னேன். அவன் "ரயில் யாரோடது?" ன்னு கேட்டுட்டு திரும்ப தூங்கிட்டான். நல்ல கேள்விதான். இந்த மலைய எத்தனையோ பேரு வந்து படம் புடிச்சிட்டு போயிருக்காங்க, தென்னிந்தியாவுல இருந்து பாட்டு எடுக்கக்கூட வந்திருக்காங்க, அதுலெல்லாம் நம்ம ஆளுங்க தூரத்துல பச்சைக்கு நடுவுல புள்ளி புள்ளியா குனிஞ்சு நிப்பாங்க.

வெள்ளவத்த பக்கத்துல ஒரு மாடியில எடம். எனக்கு முன்னுக்கு முப்பது நாப்பது பேரு. பாரத்துல ஒயரம், நெறை, அப்பறம் ஷோரீல் லிங்க்னு, நடிச்ச வீடியோ போடுறதுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்த வெறுமையா விட்டேன். எந்த ஊருன்னு கேட்டாங்க, ஹட்டன்னு சொன்னேன். தோட்டத்துப் பேர சொல்ல கூச்சப்பட்டு டவுன் பேர சொல்ற வியாதி நம்ம எல்லாருக்கும் இருக்கு, தோட்டத்துக் கதைக்கு ஆளு எடுக்குற எடத்துலயே அந்த வியாதி வந்துச்சுன்னா பாத்துக்கங்க. உள்ள போனதும் கேமராவுக்கு பின்னால இருந்த தம்பி, என்ன விட சின்னப் பையன், நல்ல மரியாதையாத்தான் பேசுனாரு. "அக்கா, நீங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்குறீங்க. உங்க ஹஸ்பண்ட் எறந்துட்டாருன்னு தகவல் வருது. அழுங்க."

அழுதேன். அம்பது தடவ பழகுன அழுக. கண்ணுல தண்ணி, தொண்டையில கரகரப்பு, எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அந்தத் தம்பி பக்கத்துல இருந்தவங்கள ஒரு தடவ பாத்துட்டு சொன்னாரு, "நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் தோட்டத்து ஆளுங்க மாதிரி அழுங்களேன்."

நான் நோர்வூட்ல இருந்து உள்ளுக்கு அஞ்சு மைல்ல ஒரு லயத்துல பொறந்தவ. அங்க எத்தன சாவு பாத்திருக்கேன். அப்பா செத்தப்ப எனக்கு பதினோரு வயசு. தோட்டத்து ஆளுங்க எப்பிடி அழுவாங்கன்னு என்ன நானே கேட்டுக்கிட்டு ரெண்டு மூணு செக்கன் நின்னேன், பெறகு நெஞ்சுல ரெண்டு கையாலயும் அடிச்சுக்கிட்டு "ஐயோ என் ராசா, என்ன விட்டுட்டு போயிட்டியே" ன்னு கத்துனேன். "ஆ, அதேதான்" ன்னாங்க. பெறகு சொல்றோம்னாங்க. சொல்லல.

அந்த டெலிபிலிம் டீவியில வந்தப்ப அம்மாவும் நானும் ஒக்காந்து பாத்தோம். நடிச்ச பொண்ணு மோசமில்ல, அது பாவம். ஆனா இடுப்புல சுத்திக் கட்டுற படங்குச் சாக்க ஏப்ரன் மாதிரி முன்னுக்கு மட்டும் கட்டியிருந்துச்சு, கூடைக் கயித்த தலையில போடாம தோள்ல போட்டிருந்துச்சு, ரெண்டு எல ஒரு மொட்டு எடுக்காம முத்துன எலயா பாத்து பிச்சுப் போட்டுச்சு. "இதுக்கு அரப்பேருகூட போட மாட்டாங்க" ன்னு அம்மா சொல்லிட்டு எந்திரிச்சு போயிருச்சு. நான் சிரிச்சேன், ஆனா ராத்திரி தூக்கம் வரல. வாய்ப்பு கெடைக்காதது பெரிசில்ல, அதுக்கு பழகிட்டேன். அவங்க கேட்டப்ப நான் குடுத்தது என்ன? "ஐயோ என் ராசா" ன்னு எங்க லயத்துல யாரும் அழுது நான் கேட்டதில்ல. அது சினிமாவுல இருந்து வந்தது. எங்க ஆளுங்கள பத்தி அவங்க மனசுல இருந்த பொம்மைய நானே எடுத்து அவங்க கையில குடுத்துட்டு, ஆ அதேதான்னு பேரும் வாங்கிட்டு வந்திருக்கேன்.

ரதி

எங்க தோட்டத்து காமன் கூத்துல எங்க தாய்மாமாதான் ரதி, மன்மதனோட பொண்டாட்டி. பத்தொம்பது வயசுல கட்டுன வேசம், இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. பகல்ல தேயிலச் செடிய வெட்டுற கவ்வாத்து கத்தியோட மலையில நிக்கிற ஆளு, மீசயும் கோவமும் அதிகம், சின்னப் புள்ளைங்க பக்கத்துல போகாதுங்க. மாசி மாசம் வந்தா அந்த மீசய எடுத்துரும். காமன் கூத்த பத்தி இதப் படிக்கிறவங்களுக்கு நான் வெளக்கத் தேவையில்ல, அமாவாசைக்கு பெறகு கம்பம் ஊண்டுனா பௌர்ணமி வரைக்கும் ராத்திரி ராத்திரியா தப்புச் சத்தம் கேக்குற ஊருலதான் நீங்களும் இருந்திருப்பீங்க. சிவன் நெத்திக்கண்ண தொறந்து மன்மதன் எரிஞ்ச பெறகு ரதி பொலம்புற எடம் இருக்கே, அதுக்குத்தான் பொம்பளைங்க எல்லாரும் போர்வையோட வந்து விடிய விடிய ஒக்காந்திருப்பாங்க.

சின்ன வயசுல இருந்து அந்தப் பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். 2024 தை கடைசியில மாமாக்கிட்ட கேட்டேன், "மாமா, இந்த வருசம் ரதி நான் கட்டவா? உங்களுக்கும் முட்டி ஏலாம இருக்குதானே." மாமா ஒன்னும் சொல்லல. கோயில் கமிட்டிக்கிட்ட போய் கேட்டுச்சு, அது பெரிய விசயம், நான் எதிர்பாக்கல. கமிட்டி ஏலாதுன்னு சொல்லிருச்சு. காப்பு கட்டுற வேசம், தீட்டு இருக்கு, வயசுப்புள்ள ராத்திரி முழுக்க ஆம்பளைங்களோட எப்பிடி நிக்கிறது, நாளைக்கு கல்யாணம் பேசுறப்ப என்ன சொல்லுவாங்க. எங்க சனத்துக்கிட்ட இருக்குற ஆகப்பெரிய பொம்பள வேசத்த பொம்பள கட்டக்கூடாது. வேற தோட்டங்கள்ல எப்பிடியோ, எங்க தோட்டத்துல அதுதான் சட்டம்.

இந்த எடத்துல ஒன்னு சொல்லணும். நம்ம கூத்த பத்தி பெருமையா எழுதுறவங்க நெறைய பேரு, நம்ம வேர், நம்ம அடையாளம்னு. சரிதான். ஆனா அங்கயும் யாரு எந்த வேசம்னு திறமைய பாத்து குடுக்குறதில்ல, அப்பன் கட்டுனா மகன் கட்டுவான். தப்பு அடிக்கிறவங்க கைய நம்பித்தான் முழு ராத்திரியும் ஓடுது, ஆனா அவங்க தள்ளித்தான் நிப்பாங்க, வேசம் யாரும் குடுத்ததில்ல. கொழும்புக்காரன் என்ன வெளியில நிக்கவச்சான்னு அழுத எனக்கு, இருவது வருசமா அவங்க தள்ளி நின்னது கண்ணுல படலங்கிறதையும் சேத்தே சொல்லிக்கிறேன்.

கம்பம் ஊண்டுறதுக்கு முந்தி பழைய மடுவத்துல பழக்கம் நடக்கும். ஒரு நாள் சரியான மழ, வந்தது ஏழெட்டுப் பேருதான். நானும் மாமாவுக்கு பிளாஸ்க்ல தேத்தண்ணி கொண்டுபோய் ஓரமா நின்னேன். மாமா ரெண்டு அடி வச்சுட்டு முட்டிய புடிச்சுக்கிட்டு அரிசிச் சாக்குமேல ஒக்காந்திருச்சு. "இன்னக்கி இவ நிக்கட்டும். பழக்கந்தானே, இன்னும் காப்பு கட்டல." மத்தவங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாங்க, யாரும் ஒன்னும் சொல்லல. தப்பு அண்ணன் மட்டும் சிரிச்சிக்கிட்டே தப்ப நெருப்புல காட்டி சூடேத்துனாரு.

நான் நின்னேன். இத்தன வருசம் காத்திருந்த எடம், விடுவேனா. மொத வரியிலயே கண்ணு ரொம்பிருச்சு, ரெண்டாவது வரியில கொரல் ஒடஞ்சுச்சு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு மண்டி போட்டேன். மாமா கைய தூக்குச்சு. தப்பு நின்னுருச்சு.

"யாருடி செத்தது?"

"மன்மதன்."

"எங்க கெடக்குறான்?"

நான் முழிச்சேன். செத்தவன் எங்க கெடக்குறான்னு நான் யோசிக்கவே இல்ல.

"செத்தவன பாக்காம ஒன் சத்தத்த நீயே கேட்டுக்கிட்டு அழுவுற" ன்னு மாமா சொல்லுச்சு. பெறகு எந்திரிக்காம, அந்தச் சாக்குல ஒக்காந்தபடியே, சாரத்தோட மீசையோட, கவ்வாத்து கறை புடிச்ச கையோட, தரையில ஒரு எடத்த பாத்துச்சு. அவ்வளவுதான், பாத்துச்சு. ரொம்ப நேரம். பெறகு குனிஞ்சு எதையோ எடுத்து உள்ளங்கையில வச்சு, மேல ஒட்டியிருந்த சாம்பல மெல்ல ஊதுச்சு. கையில ஒன்னும் இல்ல, எங்களுக்கு நல்லா தெரியுது ஒன்னும் இல்லன்னு. கூரைத்தகரத்துல மழ விழுற சத்தம் மட்டுந்தான். வாசல்ல பேரன கூட்டிட்டு போக வந்த அம்மாயி ஒன்னு கொடையோட நின்னுச்சு, அதோட புருசன் போய் நாலு மாசம் இருக்கும், அது மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்பறந்தான் மாமா வாய தொறந்துச்சு. பாட்டுகூட இல்ல, மொத வரிய பேசுற மாதிரி சொல்லுச்சு. எனக்கு கை மயிரெல்லாம் நட்டுக்கிச்சு.

"ரதி மொதல்ல அழ மாட்டா. சுத்தி ஒக்காந்திருக்குற பொம்பளைங்க அழுவாங்க. அவங்க ஆரம்பிச்ச பெறகு நீ சேந்துக்க. சாவு வீட்டுல எப்பிடி, வந்தவ கட்டிப்புடிச்சு ஆரம்பிச்சாத்தானே வீட்டுக்காரிக்கு வரும்." இதச் சொல்லிட்டு தேத்தண்ணிய கேட்டுச்சு. தேத்தண்ணி ஆறிப்போச்சுன்னு ஏசுச்சு.

அப்பா செத்த அன்னைக்கு அம்மா அழல. அத நான் மறந்துட்டேன்னு இல்ல, மறந்த மாதிரி வச்சிருந்தேன். திண்ணையில ஒக்காந்து அப்பாவோட சப்பாத்துல ஒட்டியிருந்த மண்ண ஒரு குச்சியால சொரண்டிக்கிட்டே இருந்துச்சு. அப்பாயி வந்து கட்டிப்புடிச்ச பெறகுதான் சத்தம் வந்துச்சு. தோட்டத்து ஆளுங்க எப்பிடி அழுவாங்கன்னு கொழும்புல கேட்டாங்களே, எனக்கு பதில் தெரிஞ்சிருக்கு. அந்த மாடியில எனக்கு அது ஞாபகத்துக்கு வரல.

ஆனா நேர்மையா ஒன்னு சொல்லணும், ஞாபகம் வந்து நான் மண்ண சொரண்டியிருந்தாலும் அந்த ஒடிஷன்ல என்ன எடுத்திருக்க மாட்டாங்க. அங்க ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிசம். மாமாவுக்கு ஒரு ராத்திரி முழுக்க இருக்கு, சுத்தி அத தெரிஞ்ச சனம் இருக்கு.

முப்பத்தஞ்சு நிமிசம்

அதுக்குப் பெறகு வாய்ப்பு தேடுறதுங்கிற வார்த்தையே எனக்கு வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கு தேவப்பட்டது கேமரா இல்ல, கொஞ்சம் நேரமும் பாக்க வர்ற நாலு பேரும். நாங்க அஞ்சு பேரு சேந்தோம். முன்பள்ளி டீச்சர் ஒருத்தி, திரீவீல் ஓட்டுற தம்பி, கொழும்புல கார்மென்ட்ல வேல செய்ற ரெண்டு புள்ளைங்க, நான். கார்மென்ட் புள்ளைங்களுக்கு சித்திர வருசத்துக்குத்தான் லீவு, மத்த நாள்ல போன்ல வாய்ஸ் மெசேஜ்லதான் பழகுனோம். லயத்துல சிக்னல் இல்ல, தண்ணித் தாங்கிக்கு மேல ஏறுனாத்தான் கெடைக்கும், அங்க நின்னு வசனம் பேசிக்கிட்டு இருந்தத பாத்து எனக்கு காத்துக்கருப்பு புடிச்சிருச்சுன்னு ஒரு கத கெளம்புனது தனி.

நாடகம் அந்த ஒப்பீஸ்ல கெடக்குற கடுதாசிய பத்தி. ஒரு புள்ளைக்கு நர்சிங் இண்டர்வியூ கடுதாசி வருது, இண்டர்வியூ முடிஞ்சு மூணு வாரத்துக்கு பெறகு கைக்கு கெடைக்குது. கடுதாசிய பிரிச்ச பெறகு யாரும் அழுறதில்ல, அம்மா அத மடிச்சு சரியா மூடாத கதவுக்கு அடியில ஆப்பா செருகுது, அவ்வளவுதான் முடிவு. டிக்கெட் போட்டு மண்டபத்துல போடணும்னா அப்ப ஸ்கிரிப்ட கொழும்புக்கு அனுப்பி அரசாங்க அனுமதி எடுக்கணும், அந்த வம்பே வேணாம்னு சின்னப் புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளமடுவத்துல போட்டோம். தோட்டத்து மேனேஜர் தொரைக்கு ஒரு கடுதாசி, தோட்டத் தலைவருக்கு ஒரு வெத்தலத்தட்டு. வெளிச்சத்துக்கு ரெண்டு சார்ஜ் பல்பு, கரண்ட் வெட்டுன காலத்துல வாங்குனது. நாடகம் சரியா முப்பத்தஞ்சு நிமிசம், ஏன்னா பக்கத்து டிவிசன்ல இருந்து வர்ற ஆளுங்களுக்கு கடைசி பஸ் அப்பதான். கலையில நேரத்த பத்தி பெரியவங்க நெறைய எழுதியிருக்காங்களாம், எங்களுக்கு அத முடிவு பண்ணது பஸ்காரன்.

எழுவது பேரு போல வந்தாங்க. உண்டியல்ல 4860 ரூவா விழுந்துச்சு, அஞ்சா பிரிச்சா ஆளுக்கு 972. அம்மா விரல் விட்டு எண்ணிட்டு, "முழுப்பேருக்கு இருவத்தெட்டு ரூவா கொறயுது" ன்னுச்சு. மாமா கடைசி வரிசையில நின்னு பாத்துட்டு ஒன்னும் சொல்லாம போயிருச்சு. மறுநாள் கதவுக்கு ஆப்பு வைக்கிற எடத்துல ஆப்ப பாத்தியே, கதவ பாத்தியான்னு மட்டும் கேட்டுச்சு.

இத கேட்டுட்டு, அப்ப சொந்தமா ஆரம்பிச்சா எல்லாம் வரும்னு யாரும் எடுத்துக்க வேணாம். வி.பி. கணேசன் 1975லயே 'புதிய காற்று' ன்னு தோட்டத்துக் கதைய படமா எடுத்து அவரே ஹீரோவா நடிச்சாரு, பெறகு இன்னும் ரெண்டு படமும் வந்துச்சு. தாத்தா அத பத்தி பேசுனா நிறுத்தாது. ஆனா அவருக்கு பின்னால தொழிற்சங்கம் இருந்துச்சு, எங்களுக்கு பின்னால சார்ஜ் பல்பு. எங்களுக்கு நடந்தது சின்னச் சின்னதுதான். அந்த நாடகத்த போன்ல எடுத்தத பாத்து ஒரு ஸ்கூல்ல தமிழ்தினத்துக்கு பழக்கிவிட கூப்புட்டாங்க. கம்பஸ் பையன் ஒருத்தன் குறும்படத்துக்கு கூப்புட்டான், பஸ் காசும் சோறும் மட்டும், ஆனா அதுல இருந்து ஒரு நிமிசத்த வெட்டி வச்சிருக்கேன், இனி எந்தப் பாரத்துலயும் அந்த லிங்க் கட்டம் காலியா இருக்காது. கார்மென்ட் புள்ளைங்கள்ல ஒருத்தி கல்யாணம் முடிச்சு போயிட்டா, புருசன் வீட்டுல நாடகம்னு சொன்னாலே ஏசுறாங்களாம். காமனுக்கு இன்னும் மாமாதான் ரதி, முட்டிக்கு தைலம் பூசிக்கிட்டு.

திங்கக்கெழம அந்தத் தங்கச்சி திரும்ப வந்துச்சு. நாலே முக்கால் இருக்கும். காசு கையிலயே இருந்துச்சு. இந்தத் தடவ சொல்லிட்டேன், காச கட்டாத, இங்க் முடிஞ்சதுன்னு சொன்னதும் பொய்யின்னு. மூஞ்சி சுருங்கிப்போச்சு. "அப்ப எங்க அக்கா போறது?" வந்துச்சு பாருங்க அந்தக் கேள்வி. ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு பழக்கம் இருக்கு, வரணும்னா வா, காசு குடுக்கவும் மாட்டோம் வாங்கவும் மாட்டோம், தனியா வராம வீட்டுல யாரையாச்சும் கூட்டிட்டு வான்னு சொன்னேன். அது நம்பலன்னு நல்லாவே தெரிஞ்சுச்சு. அப்ப இங்கயே ஒரு வீடியோ எடுத்துப் பாப்போம்னு பாஸ்போர்ட் போட்டோ எடுக்குற வெள்ளச் செவத்துக்கிட்ட நிக்கச் சொல்லிட்டு, போன கையில எடுத்ததும் எனக்கு வேற ஒன்னும் வாயில வரல.

"அழு" ன்னேன்.

அது என்ன பாத்துச்சு. துப்பட்டாவ சரி பண்ணிக்கிட்டு, "யாரு செத்தது அக்கா?" ன்னு கேட்டுச்சு.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் இருவது நிமிசம் இருந்துச்சு. ஷட்டர பாதி எறக்கிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டேன்.